இருபதாவது கட்டம்

ஆண்டு மலரில் இரண்டே பக்கம் தருவேன் என்றார்
கெமிஸ்ட்ரி மிஸ்.
பக்கத்துக்குப் பத்துக் கட்டம்.
ஏற்காட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது.
கணக்கு தானாக வந்து விழுந்ததில்
எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கதை என்னுடையது, கை ரோஸ்லினுடையது.
அவள் நாகலூர்க்காரி. திங்கள் காலை முதல் பஸ்ஸில் இறங்கி
வெள்ளி மாலை ஏறிப்போகும் ஹாஸ்டல் பிள்ளை.
நான் சேவாப்பேட்டை.
வகுப்பு ஜன்னலில் தினமும் மலை தெரியும்,
ஒருமுறைகூட ஏறியதில்லை.

நாயகி கொண்டையம்மா.
கொண்டையிலிருந்து ஊசியை உருவிச் சுழற்றினால்
எந்த நேர்கோடும் வளைந்து நிற்கும்.
வில்லன் நேர்கோட்டுச்சாமி, ரோடு கான்ட்ராக்டர்.
இருபது வளைவையும் நிமிர்த்தி
அடிவாரத்திலிருந்து உச்சிவரை
ஒரே கோடாகத் தார் ஊற்றப் பார்க்கிறவன்.
அவனை மட்டும் ஸ்கேல் வைத்து வரைந்தோம்,
மீசை உட்பட.

ரோஸ்லினுக்கு விரல்கள் வராது.
பாதிக் கதைக்குக் கொண்டையம்மா
முந்தானைக்குள் கைவைத்தபடியே சண்டை போட்டாள்.
பஸ்ஸும் வராது. குரங்கு வரைந்தால் நாய் வரும்.
"பனி போட்டுடலாம்" என்பாள்.
ஏழாவது வளைவில் பனி.
பதினொன்றில் பனிக்குள் இரண்டு ஹெட்லைட்.
பதினான்கில் வெறும் காகிதம்,
மூலையில் 14/20 என்று ஒரு பலகை.
ஏமாத்து வேலை என்றேன்.
"நீ வந்து பாத்திருக்கியா? அங்க அப்படித்தான் இருக்கும்."
பார்க்காதவள் என்ன பேசுவது.

கடைசிக் கட்டத்தில் இரவு.
பாறை நுனியில் கொண்டையம்மா.
கீழே முழுக்க இந்திய மை.
காய்ந்த பிறகு பிளேடு முனையால் சுரண்டிச் சுரண்டி
சேலத்தை ஒவ்வொரு விளக்காக ஏற்றினாள் ரோஸ்லின்.
இது ஜங்ஷன், இது அஞ்சு ரோடு,
உங்க வீடு இங்க எங்கயோ.
அந்த எங்கயோவில் ஒரு புள்ளி கூடுதலாகச் சுரண்டினாள்.

மிச்சம் ஒரே பலூன்.
"இனி எந்தச் சாலையும் நிமிராது!" என்று
ஒரு வாரமாக வைத்திருந்தேன்.
"பசிக்குது"ன்னு போடு என்றாள்.
இருபது வளைவு ஏறினவளுக்கு வேற என்ன தோணும்?
என் வசனத்தை உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தாள்.
நான் அவள் குரங்கைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொன்னேன்.
நடுவில் இருந்த தட்டுவடை செட்டை
இருவரும் தொடவில்லை.
பீட்ரூட் இறங்கி, சட்னி இறங்கி நமுத்துப் போனது.
ஐந்து மணிக்கு அச்சகத்து ஆள் வந்து
பலூனைக் காலியாகவே வாங்கிப் போனார்.

மலர் வந்த அன்றே ஆளாளுக்குப் பேனா எடுத்தார்கள்.
எட்டாம் வகுப்பில் ஒருத்தி "ஐயோ ஊசி எங்கே" என்று எழுதினாள்.
இன்னொருத்தி பலூனுக்குள் தன் பெயரை,
கீழே இன்ஷியலோடு.
ஆய்வகத்துப் பிரதியில் "அமைதி காக்கவும்".
வீட்டுப் பிரதியில் அப்பா
யாருக்கோ போன் பேசிக்கொண்டே குறித்திருந்தார்:
கொலுசு 6 ஜோடி, பற்றவைப்பு பாக்கி, வெள்ளிக்கிழமை.
கொண்டையம்மா அதைத்தான்
சேலத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் பிரதியில் பென்சிலால் எழுதி அழித்தேன்.
அவள் வசனத்தையும் எழுதிப் பார்த்தேன். அழித்தேன்.
மூன்றாம் நாள் ரப்பர் அழுத்தியதில்
பலூன் இருந்த இடம் ஓட்டையானது.
மறுபக்கத்து குரூப் போட்டோவில் யாருடைய தலையோ போயிற்று.
ஓட்டை வழியே அடுத்த தாள்,
வெள்ளிக்கடை விளம்பரம்,
சரியாக இரண்டு சொற்கள்:
செய்கூலி இல்லை.

மெஸ்ஸுக்கே போய் ரோஸ்லினிடம் நீட்டினேன்.
பார்த்தாள்.
வாயில் இருந்த மோர் மூக்கில் வந்தது.
சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன்.
தூக்கி வெளிச்சத்தில் பிடித்து,
ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்து என்னைப் பார்த்தார்.
"அந்தப் பொம்பளைக்காவது தெரிஞ்சிருக்கே" என்று சொல்லிவிட்டு
ஊதுகுழலை வாயில் வைத்தார்.